ஐந்து சொட்டும் ஆறு வாரக் குடலும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் அம்மாக்களும் பாட்டிகளும் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றரை மாதக் குழந்தையின் முறை வந்ததும் செவிலியர் ஊசிக்கு முன்னால் சொட்டு மருந்தைத்தான் எடுப்பார். ஊசி குத்திவிட்டால் பிள்ளை வீறிட்டு அழும், அப்புறம் எதுவும் உள்ளே இறங்காது. கன்னத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்தி, போலியோவுக்கு இரண்டு சொட்டு, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸுக்கு ஐந்து சொட்டு. பிள்ளை முகத்தைச் சுளிக்கும், நாக்கைச் சுழற்றும், கொஞ்சத்தை உதட்டோரம் வழியவிட்டு மீதியை விழுங்கும். பிறகுதான் தொடையில் ஊசி.

தொடையில் போன மருந்து வேலூரிலும் ஹெல்சிங்கியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்கிறது. வாயில் போன மருந்து அப்படிச் செய்வதில்லை. 1970களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இதைக் கண்டு சொன்னார். பணக்கார நாடுகளில் மூன்று தவணை போலியோ சொட்டு போதுமானதாக இருந்தது. நம் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு மூன்று தவணை முடிந்த பிறகும் எதிர்ப்பு உருவாகவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. ரோட்டா வைரஸ் கதையும் அப்படித்தான். இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2014ல் வெளியான முடிவின்படி, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது ஏறத்தாழ 54 விழுக்காடு தடுத்தது. ஐரோப்பாவில் புழங்கும் ரோட்டா மருந்துகள் அங்கே 85 விழுக்காட்டுக்கும் மேல் காக்கின்றன. சரி, மருந்து மட்டமா? ஐரோப்பாவில் நன்றாக வேலை செய்த மருந்தையே ஆப்பிரிக்காவின் மலாவியில் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் 49 விழுக்காட்டில்தான் நின்றது.

ஆக, மருந்தை விட்டுவிட்டு அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஊசி மருந்து நேராகத் தசைக்குப் போய்விடுகிறது. சொட்டு மருந்து குடலிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறந்து ஆறு வாரமே ஆன குடல் எந்த நிலையில் இருக்கிறது, யாரிடம் என்ன கற்றுக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஐந்து சொட்டின் கதை புரியும்.

குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் கனம் உள்ளது. வளர்ந்த மனிதனுக்கு அதை விரித்துப் போட்டால் சுமார் 30 சதுர மீட்டர் வரும், ஒரு பெரிய அறையின் தரை அளவு. ஒரு பக்கம் நாம் விழுங்கியதெல்லாம், மறுபக்கம் ரத்தம். நடுவில் இந்த ஒற்றைச் செல் வேலி. ரத்தத்தில் பாக்டீரியா குடியேறினால் உயிருக்கே ஆபத்து. குடலிலோ அவை கோடானுகோடியாக இருக்கத்தான் வேண்டும். எனவே குடலின் நோயெதிர்ப்புக்குச் சண்டை போடத் தெரிந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான நேரம் எதிரே வருவது இன்னார் என்று தெரிந்துகொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். சோறு, பருப்பு, தயிர், அதிலுள்ள பாக்டீரியா எல்லாவற்றோடும் மல்லுக்கு நின்றால் குடல் ஒரு நாளைக்குத் தாங்காது. இந்தச் சும்மா இருத்தல் பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை. அதைப் பழக வேண்டியிருக்கிறது.

பழக்கம் தொடங்குவது வயிற்றுக்குள்ளேயே. சிறுகுடல் சுவரில் ஆங்காங்கே சின்னத் திட்டுகளாக நோயெதிர்ப்பு செல்கள் கூடியிருக்கும். சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் கோன்ராட் பேயர் 1677ல் விவரித்ததால் அவற்றுக்குப் பேயர் திட்டுகள் என்று பெயர். கருவின் நான்காவது, ஐந்தாவது மாதத்திலேயே இவை உருவெடுக்கத் தொடங்குகின்றன. பிரசவத்தின்போது ஏறக்குறைய நூறு இருக்கும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இருநூறைத் தாண்டும். ஆனால் பிறக்கும்போது அவை கட்டி முடித்துப் பாடம் தொடங்காத பள்ளிக்கூடம் மாதிரி. கரும்பலகை, பெஞ்சு எல்லாம் இருக்கிறது. எதிர்ப்பொருளை, அதாவது கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ளும் புரதத்தை, உருவாக்கும் பி செல்கள் கூடி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று தேர்வு நடக்கும் மையங்கள் மட்டும் இன்னும் திறக்கவில்லை. வெளியிலிருந்து பாக்டீரியா வந்து சேர்ந்த பிறகுதான் அவை திறக்கும்.

அம்மாவின் பங்கு இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆண்ட்ரூ மேக்பெர்சன் குழு 2016ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த சினை எலிகளுக்கு, கொஞ்ச நாளில் தானாகவே மறைந்துவிடும்படி மாற்றியமைத்த ஒரு பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு முன்பே அது போய்விட்டது. குட்டிகள் எந்தக் கிருமியையும் சந்திக்காமலேயே பிறந்தன. ஆனாலும் அந்தக் குட்டிகளின் குடலில் காவல் செல்கள் கூடுதலாக இருந்தன, குடல் வேலி இறுக்கமாக இருந்தது. தாயின் குடலில் பாக்டீரியா விட்டுச்சென்ற சிறு மூலக்கூறுகளைத் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகவும் பிறகு பால் வழியாகவும் குட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. விருந்தாளி வரப்போகிறார் என்ற தகவல் முன்கூட்டியே போய்விட்டது.

நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல்களுக்குக் கருவில் இன்னொரு குணம் உண்டு. அம்மாவின் செல்கள் சில நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் நிணநீர் முடிச்சுகளில் போய்த் தங்கும். அவை கருவுக்கு அன்னியச் செல்கள்தான், கருவின் பாதி மரபணு அப்பாவுடையது ஆயிற்றே. ஆனாலும் கரு அவற்றோடு சண்டை போடுவதில்லை. சண்டையை அடக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்களை உருவாக்கி, 'இவர் நம்மவர்' என்று முடிவு செய்துகொள்கிறது. மனிதக் கருவில் இப்படி நடப்பது 2008ல் தெரியவந்தது.

பச்சைப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று நினைக்கிறேன். 2013ல் எலிக்குட்டிகளிடம் பார்த்தபோது, பிறந்த சில நாட்களுக்கு ரத்தத்தில் நிறைய இருக்கும் முதிராத சிவப்பணுக்கள்தான் நோயெதிர்ப்பை வேண்டுமென்றே அடக்கி வைக்கின்றன என்று தெரிந்தது. அந்தச் செல்களை நீக்கினால் குட்டிகள் கிருமியை நன்றாகவே எதிர்த்தன. ஆனால் புதிதாக வந்து குடியேறும் சாதாரணக் குடல் பாக்டீரியாவைக் கண்டும் குடல் கொதித்தது, அழற்சி வந்தது. கருப்பையின் அமைதியிலிருந்து ஒரே நாளில் பாக்டீரியாக் கடலுக்குள் விழும் பிள்ளைக்கு இந்த அடக்கம் தேவைப்படுகிறது. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: நிஜமான நோய்க்கிருமி வந்தால் பிள்ளை சீக்கிரம் வீழ்ந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் தாய்ப்பால்.

முதல் இரண்டு நாட்கள் பிள்ளை கழிப்பது கரும்பச்சையாய், தார் மாதிரி ஒட்டும். கிராமத்தில் காட்டுப்பீ என்பார்கள். வயிற்றுக்குள் இருந்தபோது விழுங்கிய பனிக்குட நீரும் உதிர்ந்த செல்களும் பித்தமும் சேர்ந்தது அது. அதற்குள்ளேயே புதுக் குடித்தனக்காரர்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். 1885ல் மியூனிக்கில் தியடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தை நாள்வாரியாக ஆராய்ந்துதான், பின்னாளில் அவர் பெயரையே தாங்கிய ஈ.கோலை பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். ஈ.கோலை போன்றவை முதலில் வந்து குடலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். ஆக்சிஜன் போன பிறகு, அது இருந்தால் வாழமுடியாத வகைகள் வந்து இடம்பிடிக்கும். அவற்றில் முக்கியமானது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி கிளைத்த உருவத்தில் ஹென்றி டிசியே பாரிஸில் கண்ட பாக்டீரியா. அவர் அதைக் கண்டது 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில். பிஃபிடோபாக்டீரியம் என்று இன்று சொல்கிறோம். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைகளிடம் அது அவ்வளவாக இல்லை என்பதையும் அவரே கவனித்தார். ஏன் என்பது புரிய நூறு ஆண்டு ஆனது.

பாலில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலிகள். லிட்டருக்கு ஐந்து முதல் பதினைந்து கிராம் வரை, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். இதில் ஆச்சரியம் என்னவென்றால், பிள்ளையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. அம்மாவின் உடல் இவ்வளவு சக்தியைச் செலவழித்து, பிள்ளைக்கு உணவாகாத ஒன்றை எதற்காகத் தயாரிக்க வேண்டும்? 2008ல் குழந்தைக் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியத்தின் ஒரு வகையின் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்தபோது விடை கிடைத்தது. இந்தச் சங்கிலிகளை உள்ளே இழுத்து வெட்டித் தின்பதற்கென்றே தனி மரபணுக் கூட்டம் ஒன்று அதனிடம் இருந்தது. அம்மா ஒரே மார்பில் இரண்டு பேருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று பிள்ளையின் பாக்டீரியாவுக்கு. அந்த பாக்டீரியா சாப்பிட்டுவிட்டு அமிலத்தை வெளியிடுகிறது. அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகள் தழைக்க முடிவதில்லை.

அதோடு நிற்பதில்லை. ஸ்டாக்ஹோமில் பெட்டர் பிரோடின் குழு 2021ல் காட்டியது இது: பால் சர்க்கரையைத் தின்னத் தெரிந்த பிஃபிடோ வகைகள் இல்லாத பிள்ளைகளின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. அந்த பாக்டீரியா இருக்கும் குடலில் இண்டோல் லாக்டிக் அமிலம் என்ற ஒரு பொருள் உருவாகிறது. ஒவ்வாமை, அழற்சி பக்கம் சாயப்பார்க்கும் டி செல்களை அது தணிக்கிறது. பாடம் நடத்துவது பாக்டீரியா, அதற்குச் சம்பளம் கொடுப்பது தாய்ப்பால்.

பாலில் வரும் இரண்டாவது பெரிய விஷயம் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள். இதைச் சற்று விளக்க வேண்டும். கருவில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு வருவது ஐஜிஜி. அது ரத்தத்தில் சுற்றி, மெல்ல மெல்லக் குறைந்து, ஆறு மாதத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குடலுக்கு வேண்டியது ஐஜிஏ. அது நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. பிறந்த குழந்தையின் குடல் சுவரில் ஐஜிஏ சுரக்கும் செல்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இரண்டாவது வாரவாக்கில் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும், பிறகு மாதக்கணக்கில் பெருகும். ரத்தத்தில் பெரியவர்கள் அளவுக்கு ஐஜிஏ வரப் பள்ளிப் பருவம் தாண்டிவிடும்.

அதுவரை அம்மாவுடைய ஐஜிஏதான். பிரசவமான முதல் நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் அது லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேலும் இருக்கும். பால் தெளிந்து பெருகிய பிறகு ஒரு கிராம் அளவுக்கு இறங்கும், ஆனால் குடிக்கும் அளவு கூடுவதால் பிள்ளைக்குக் குறை வராது. ஐஜிஏ கிருமியைக் கொல்வதில்லை. அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது, குடல் சுவரைத் தொடவிடாமல் தடுக்கிறது, சளியோடு சேர்த்து வழியனுப்புகிறது. சத்தமில்லாத வேலை. அழற்சி எதுவும் கிளம்பாது. இன்னொன்றும் உண்டு. அம்மாவின் குடலில் பயிற்சி பெற்ற செல்களே கர்ப்ப காலத்தில் பயணப்பட்டு மார்பகத்தில் வந்து குடியேறி அங்கே ஐஜிஏ சுரக்கின்றன. ஆகவே அந்தப் பாலில் இருக்கும் எதிர்ப்பொருள் அந்த ஊர்த் தண்ணீர், அந்த வீட்டுச் சமையல், அந்தத் தெருவின் கிருமி எல்லாவற்றையும் அறிந்தது. எந்தத் தகர டப்பாப் பாலாலும் இதைச் செய்ய முடியாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நம் வீடுகளில் நடக்கும் சில காரியங்களைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது. பிள்ளை பிறந்ததும் சேனை தொடுவது என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் வைப்பார்கள். சில இடங்களில் சீம்பாலைக் கெட்டிப் பால், செரிக்காது என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டார்கள். அப்புறம் உரைமருந்து. என் பாட்டி ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் வசம்பைச் சுட்டு, ஜாதிக்காய், மாசிக்காயோடு உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து, சங்கில் எடுத்துப் புகட்டியவர். அந்த அன்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல், அந்தச் சங்கு, அந்த விரல், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கிருமி இருக்கும். ஐஜிஏ செல் ஒன்றுகூட முளைக்காத குடலுக்கு அது தேவையில்லாத வேலை. தேனில் சில சமயம் இருக்கும், தசைகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நோயின் கிருமி விதைகளைப் பெரியவர்களின் குடல் அடக்கிவிடும், ஒரு வயதுக்குட்பட்ட குடல் அடக்காது. அதனால்தான் மருத்துவர்கள் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தேன் ஒரு வயதுக்குப் பிறகு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அறுவைசிகிச்சைப் பிரசவத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. சுகப்பிரசவத்தில் பிள்ளை அம்மாவின் குடல் பாக்டீரியாவைத் தொட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறது. பிரிட்டனில் 596 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், சிசேரியன் பிள்ளைகளிடம் அம்மாவின் குடலிலிருந்து வரவேண்டிய பாக்டீராய்டிஸ் வகை குறைவாகவும், மருத்துவமனைச் சூழலில் திரியும் என்டெரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை அதிகமாகவும் இருந்தன. மாதங்கள் போகப்போக வித்தியாசம் குறைகிறது. ஆனால் பாடம் மும்முரமாக நடக்கும் முதல் வாரங்களில் வகுப்பறையில் வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஹெல்சிங்கியில் 2020ல் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. ஏழு சிசேரியன் குழந்தைகளுக்கு, முன்கூட்டியே நன்றாகப் பரிசோதித்த அம்மாவின் மலத்திலிருந்து மிகச் சிறு அளவை முதல் பாலில் கலந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் அந்தப் பிள்ளைகளின் குடல் சுகப்பிரசவப் பிள்ளைகளுடையதைப் போல ஆகிவிட்டது. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. பரிசோதனைக்கு வந்த தாய்மார்களில் பலரை ஆபத்தான கிருமி இருந்ததால் அந்த ஆய்வாளர்களே விலக்க வேண்டியிருந்தது. சிசேரியன் பல உயிர்களைக் காப்பாற்றுகிறது, அதற்காக எந்த அம்மாவும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. அவர்களுக்கு உடனடியாக உதவக்கூடியது, தையல் வலியோடு படுத்திருக்கும்போதும் முதல் மணி நேரத்திலேயே பிள்ளையை மார்பில் போட்டுப் பால் புகட்ட ஆள் துணை இருப்பதுதான்.

குறைமாதக் குழந்தைகளின் குடலில் இந்த வரிசையெல்லாம் குலைந்துவிடுகிறது. வேலி இன்னும் இறுகவில்லை, சளி மெல்லிசு, கிருமியை உணரும் உணரிகள் மட்டும் மிகையாகத் துடிக்கின்றன. பாக்டீரியா வந்ததும் குடலே புண்ணாகி அழுகும் நோய் வரலாம். 1990ல் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்தபோது, டப்பாப் பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்த நோய் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்தது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989ல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் காரணம். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளுக்கும் சரியான நேரத்தில் சரியான பாக்டீரியா எவ்வளவு உதவும் என்பதை ஒடிசா கிராமங்களில் பார்த்தோம். பினாகி பாணிக்கிரஹி தலைமையில் 4,556 பச்சிளம் குழந்தைகளில் ஒரு பாதிக்கு, பிறந்த முதல் நாட்களில் ஏழு நாள் மட்டும், ஒரு லாக்டோபேசில்லஸ் வகையையும் அது தின்னும் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. 2017ல் வந்த முடிவு இது. எல்லாப் பிள்ளைகளும் தாய்ப்பால் குடித்தவர்கள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பால் குடிக்கும் காலம் முடிந்து சோறு வரும் நேரம் இன்னொரு திருப்பம். அதுவரை பாலே பாடத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. பாலில் உள்ள ஒரு வளர்ச்சிக் காரணி குடல் சுவரின் சளிச் செல்கள் வழியாக உள்ளே எதுவும் புகாமல் கதவைச் சாத்தி வைத்திருப்பதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். பால் குறையக் குறையக் கதவு திறக்கிறது. புது உணவின் துணுக்கும் புது பாக்டீரியாவும் நோயெதிர்ப்பு செல்களின் பார்வைக்கு வருகின்றன. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜெரார் எபெர்ல் குழு 2019ல் இதைத் தெளிவாகக் காட்டியது. எலிக்குட்டிக்கு இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள், இரை தின்னத் தொடங்கும்போது, குடலில் ஒரு பெரிய நோயெதிர்ப்பு அலை எழும்புகிறது. உடனே அதை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் பெருகுகின்றன. அந்த நாட்களில் ஆன்டிபயாடிக் கொடுத்து அலையை எழவிடாமல் செய்தால், அந்த எலிகள் வளர்ந்த பிறகு குடல் அழற்சிக்கும் ஒவ்வாமைக்கும் எளிதாக ஆளாகின்றன. பிற்பாடு பாக்டீரியாவைத் திருப்பிக் கொடுத்தாலும் பயனில்லை. நேரம் போனால் போனதுதான். எலியின் இரண்டு வாரத்தை மனிதப் பிள்ளையின் இத்தனை மாதம் என்று நேராகப் பெயர்த்துவிட முடியாது. ஆனாலும், சாதாரணச் சளிக்கும் கேட்டு வாங்கி ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கத்தை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மனிதர்களில் இதற்கு நெருக்கமான சாட்சியம் வேர்க்கடலையிலிருந்து வந்தது. லண்டனில் கிடியன் லாக் என்பவர், பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம், இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு மிகக் குறைவு என்பதைக் கவனித்தார். இஸ்ரேலில் வேர்க்கடலைத் தின்பண்டத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவார்கள். பிரிட்டனிலோ ஒவ்வாமை வரும் என்று பயந்து மூன்று வயதுவரை தள்ளிப்போட்டார்கள். நான்கு மாதம் முதல் பதினோரு மாதம் வரையிலான, ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து அவர் சோதித்தார். ஐந்து வயதில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3 விழுக்காட்டினருக்குத்தான். 2015ல் வந்த இந்த முடிவு உலகம் முழுக்க அறிவுரையையே தலைகீழாக மாற்றியது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு கேழ்வரகுக் கூழ், பருப்பு மசித்த சோறு, அரைத்த கடலை என்று ஒவ்வொன்றாகப் பழக்கிய வீடுகள் தெரிந்தோ தெரியாமலோ சரியாகத்தான் செய்திருக்கின்றன.

இப்போது அந்தப் புதன்கிழமைத் தாழ்வாரத்துக்குத் திரும்புவோம். ஐந்து சொட்டில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். அது குடல் செல்லுக்குள் புகுந்து கொஞ்சம் பெருகினால்தான் பேயர் திட்டில் பாடம் நடக்கும். ஆனால் அம்மா தன் வாழ்நாளில் பலமுறை ரோட்டா வைரஸைச் சந்தித்தவள். இந்தியத் தாய்மார்களின் பாலில் அதை முடக்கும் சக்தி அமெரிக்கத் தாய்மார்களின் பாலைவிட அதிகம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அவள் கொடுத்த ஐஜிஜி ரத்தத்தில் இன்னும் இருக்கிறது. கூடவே கொடுத்த போலியோ சொட்டும் அதே குடலில் இடத்துக்குப் போட்டியிடுகிறது. மற்ற குடல் வைரஸ்கள் ஏற்கெனவே குடியிருக்கலாம். சுத்தமில்லாத தண்ணீர், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகியவற்றால் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, எப்போதும் லேசான அழற்சியில் இருக்கும் குடலும் பாடத்தைச் சரியாகக் கேட்காது. வேலூரில் ககன்தீப் காங் குழு 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களை ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டது. மெக்சிகோவில் இரண்டு இயற்கைத் தொற்றே கடும் நோயிலிருந்து முழுதாகக் காத்தது. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான்.

எளிய தீர்வுகளையெல்லாம் முயன்று பார்த்தார்கள். சொட்டு கொடுப்பதற்கு அரை மணி முன்பும் பின்பும் பால் கொடுக்காமல் இருந்தால்? டெல்லியில் சோதித்ததில் வித்தியாசமே இல்லை. ஆகவே சொட்டு போட்டதும் பால் கொடுக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். குடலில் இருக்கும் பாக்டீரியாத் தொற்றை ஆன்டிபயாடிக்கால் துடைத்துவிட்டுச் சொட்டு கொடுத்தால்? வேலூர் மாவட்டத்தில் 754 குழந்தைகளிடம் அதையும் பார்த்தார்கள். தொற்று குறைந்தது, போலியோ சொட்டின் பலன் கூடவில்லை.

ஒருமுறை பாடம் படித்த குடல் மட்டும் மறப்பதில்லை. முன்பே போலியோ சொட்டு பலமுறை வாங்கிய வேலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு போலியோ ஊசி போட்டதும் குடலின் எதிர்ப்பும் சேர்ந்து உயர்ந்ததை 2014ல் கண்டார்கள். ஊசி மட்டுமே போட்ட இடத்தில் நிலைமை வேறு. 2013ல் இஸ்ரேலின் தெற்கே சாக்கடைத் தண்ணீரில் போலியோ வைரஸ் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்கும் கால் முடங்கவில்லை, ஊசி ரத்தத்தைக் காத்தது. குடலோ யாரும் பாடம் நடத்தாததால் வைரஸுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தது.

54 விழுக்காடு என்றால் குறைவு என்று தோன்றலாம். தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அதில் பாதி என்றால் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்க்கலாம். 2016ல் நான்கு மாநிலங்களிலும் அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலும் இந்தச் சொட்டு இலவசத் திட்டத்தில் சேர்ந்தது.

இன்னும் முன்னால் போனால் என்ன என்ற கேள்விக்கு இந்தோனேசியாவிலிருந்து ஒரு விடை வந்திருக்கிறது. ஜாவாவில் ஒரு புதிய ரோட்டா சொட்டின் முதல் தவணையை, குடலில் கூட்டம் சேர்வதற்கு முன், வயிற்றில் அமிலம் ஏறுவதற்கு முன், பிறந்து ஐந்து நாளுக்குள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வயதுவரை பாதுகாப்பு 75 விழுக்காடு. அதே சொட்டை எட்டாவது வாரத்தில் தொடங்கிய பிள்ளைகளுக்கு 51. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அபூர்வப் பக்கவிளைவும் பிறந்த நாட்களில் மிக மிக அரிது. அந்தச் சொட்டிலுள்ள வைரஸ், ரோட்டா வைரஸை 1973ல் முதலில் கண்டறிந்த மெல்போர்னிலேயே, நோய் எதுவும் இல்லாத ஒரு பச்சிளம் குழந்தையிடமிருந்து எடுத்தது.

நம் ரோட்டாவாக்கின் பிறப்பும் அதேபோலத்தான். 1980களின் நடுவில் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளின் வார்டில், ஒரு ரோட்டா வைரஸ் தொட்டில் தொட்டிலாகப் பரவுவதை மகராஜ் கிஷன் பான் கவனித்தார். பிள்ளைகளின் மலத்தில் வைரஸ் இருந்தது, வயிற்றுப்போக்கு இல்லை. தொடர்ந்து பார்த்ததில், அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாளில் ரோட்டா வயிற்றுப்போக்கு குறைவாகவே வந்தது. அந்த வைரஸைத்தான் வளர்த்துச் சொட்டாக்கினார்கள். அது டெல்லிப் பிள்ளைகளின் குடலைச் சந்தித்தது பிறந்த முதல் சில நாட்களில். நாம் அதைக் கொடுப்பது ஆறாவது வாரப் புதன்கிழமையில்.